கூடியம் குகைக்கு 7,460 காலடி

காலில் காலிப்பர் போட்டிருக்கிறேன், கூடியம் குகைக்கு என்னால் போக முடியுமா என்று சென்ற வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். முடியும். எப்படி என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். நான் போனது 1994 டிசம்பரில், ஆகவே கட்டணங்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தூரம் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். அந்தத் தூரத்தை வைத்துத்தான் அன்று எங்களுக்குள் சண்டையே வந்தது.

என்னைப் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. மலேசியாவில் பேராக் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. இடது காலில் தொடை முதல் பாதம் வரை இரும்பும் தோலுமாக ஒரு காலிப்பர். அதற்கு முழங்காலில் ஒரு பூட்டு. நிற்கும்போது பூட்ட வேண்டும், உட்காரும்போது திறக்க வேண்டும். வலது கையில் தடி. இவ்வளவுதான் நான், மீதியெல்லாம் வாய்.

அந்த வருஷம் ஜூனில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் பக்கத்துப் பழங்காலக் குகை ஒன்றுக்குக் கூட்டிப் போனோம். அந்தக் குகையைப் பற்றி ஒரு வாரம் பாடம் நடத்தியது நான். மலையடிவாரத்தில் பேருந்து நின்றதும் தலைமையாசிரியர், "நீங்க சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்துக்குங்க டீச்சர்" என்றார். மூன்று மணி நேரம் முப்பத்தெட்டுப் பொட்டலத்துக்குக் காவல் இருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் அவர் அறைக்குப் போய், அடுத்த வருஷம் பிள்ளைகளுக்கு முன்னால் நான்தான் நடப்பேன் என்றேன். "முதல்ல ஏதாவது ஒரு குகைக்குள்ள உங்க காலால போயிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றார். பேச்சை முடிப்பதற்காகச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் தாத்தா அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர். அவருடைய அண்ணன் வீட்டார் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஏரிப் பாசன வயலில் கூலி வேலை செய்தவர்கள், எஸ்டேட் என்று அவர்கள் சொல்கிற தொழிற்பேட்டை வந்த பிறகு தொழிற்சாலைக்குள் போய்விட்டார்கள். அந்த வழியில் எனக்கு அண்ணன் முறையாகும் செல்வராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர். வீடு கள்ளிக்குப்பத்தில். கடிதத்தில் குகைக் கதையைச் சொன்னதும், எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது, ஆதி மனிதர்கள் கல்லாயுதம் வைத்து வாழ்ந்த இடம், பூண்டி ஏரியைத் தாண்டி, என்று பதில் போட்டார். போட்டதோடு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மொபெட்டிலேயே போய்ப் பார்த்துவிட்டு, ரூட் கார்டு ஒன்று எழுதி அனுப்பினார். ரூட் கார்டு என்றால், தொழிற்சாலையில் ஒரு சாமான் எந்த மெஷினிலிருந்து எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று எழுதி அதன் கூடவே அனுப்புகிற அட்டை. அதே அட்டையில், 'சாமானின் பெயர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் 'பரமேஸ்வரி' என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகத் தூரங்கள். கடைசி வரி: 'கூடியம் ஊர் எல்லை முதல் குகை வரை, நடை, 2.4 கி.மீ.'

அந்தக் கடைசி வரியை நம்பித்தான் நான் பயிற்சி எடுத்தேன். எங்கள் பள்ளித் திடலில் ஒரு சுற்று 400 மீட்டர். என் நடைக்கு அது 880 காலடி. போக வர 4.8 கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டு சுற்று. செப்டம்பரில் நாலு சுற்றோடு தொடங்கி, நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டை எட்டினேன். பதின்மூன்றாவது சுற்றில் தொடைப்பட்டை உரசுகிற இடத்தில் தோல் கிழிந்துவிடும். இரண்டு முறை கிழித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கிழிந்தால் பத்து நாள் காலிப்பர் போட முடியாது. என் இந்தியப் பயணமே பதினான்கு நாள்தான்.

சனிக்கிழமை மதியம் மீனம்பாக்கத்தில் இறங்கினேன். ஞாயிறு விடியற்காலை நாலரைக்கே கலா அண்ணி எழுப்பிவிட்டார். வெளிநாட்டில் என் முதல் முழு நாள் அது. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் குகைக்குப் போகலாமே என்றார் அண்ணி. ஊர் எங்கேயும் ஓடிவிடாது அண்ணி என்றேன். புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்.

5.30க்கு ஆட்டோ, அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பதினைந்து ரூபாய். 6.05 மின்சார ரயில். ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைத்தது. ஆவடியில் பாதிப் பெட்டி காலியாகி, காலியான இடமெல்லாம் பூக்கூடைகளும் கீரைக் கட்டுகளும் ஏறின. எதிரில் உட்கார்ந்த கீரைக்கார அம்மா என் காலிப்பரை நன்றாகப் பார்த்துவிட்டு, "இன்னா எடை இருக்கும் இது?" என்று கேட்டார். இரண்டரை கிலோ என்றேன். "என் கூடை முப்பது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த நாடு எனக்குப் பிடித்துப்போயிற்று.

6.50க்குத் திருவள்ளூர். ஸ்டேஷன் வாசலில் இட்லி, இரண்டு பேருக்கும் ஒன்பது ரூபாய். அங்கேயே ஆட்டோ பேசினோம். கூடியம் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட முந்நூறு கேட்டார் ஓட்டுநர்.

"இன்னாப்பா முந்நூறு? பதினேழு கிலோமீட்டர்தானே?" என்றார் அண்ணன்.

"எந்தப் பதினேழு? இருபத்தி நாலு கீது அண்ணாத்தே. பூண்டிக்கே பன்னெண்டு ஆய்டும்."

அண்ணன் ரூட் கார்டின் நகலை எடுத்து நீட்டினார். "நானே மீட்டர்ல பார்த்து எழுதினது. பூண்டி எட்டே முக்கால்."

ஓட்டுநர் அட்டையை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அட்டை நல்லாத்தான் கீது. ரோடு அதைப் படிச்சிச்சா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்குக் கோபம். கடைசியில் இருநூற்று அறுபதுக்கு முடிந்தது. தூரத்தை ஏற்றிச் சொல்லாத ஆட்டோக்காரன் எங்கேம்மா இருக்கிறான் என்று வழியெல்லாம் அண்ணன் என் காதில் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மழை முடிந்த மாதம் ஆகையால் பூண்டி ஏரி நிறைந்து கிடந்தது. அதைத் தாண்டினால் செம்மண்ணும் முட்புதரும் தாழ்ந்த குன்றுகளும்தான். 8.05க்குக் கூடியம் வந்தது. சின்ன ஊர். ஊர் முடிகிற இடத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. அங்கிருந்து வண்டித்தடம் ஒன்று காட்டுக்குள் போகிறது.

என் கைப்பையில் மலேசியப் பத்து சென் நாணயங்கள் பன்னிரண்டு வைத்திருந்தேன். 880 காலடிக்கு ஒரு நாணயத்தை இந்தப் பக்கத்து அறையிலிருந்து அந்தப் பக்கத்து அறைக்கு மாற்றுவேன். 8.15க்கு முழங்கால் பூட்டைப் போட்டு, ஒன்று என்று எண்ணத் தொடங்கினேன்.

பாதை பெரும்பாலும் சமதரை. கூழாங்கற்கள்தான் தொல்லை. முட்டை முட்டையாக உருண்டை உருண்டையாகக் கிடக்கும், தடி அவற்றின் மேல் பட்டால் வழுக்கும். இரண்டு இடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடியது. காலிப்பரின் ஷூ நனைந்தால் கனம் கூடும் என்பதால் அண்ணன் கல் போட்டுக் கொடுத்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நின்றேன். பேசவில்லை, பேசினால் எண்ணிக்கை போய்விடும். அண்ணன் பாவம், தங்கச்சிக்கு ஊரைக் காட்ட வந்தவர், ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் பின்னாலேயே வந்தார்.

10.10க்கு ஆறாவது நாணயத்தை மாற்றினேன். 5,280 காலடி. ரூட் கார்டுப்படி நான் இப்போது குகை வாசலில் நிற்க வேண்டும். எதிரில் வண்டித்தடம் மட்டும், முட்புதருக்குள் வளைந்து போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணே, குகை எங்கே?"

"தோ வந்துரும்."

"வந்துரும்னா? இதுதான் ரெண்டு புள்ளி நாலு."

"நீ எண்றதுல தப்பு பண்ணிருப்பே பரமு. மீட்டர் பொய் சொல்லாது."

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். மூன்று மாதம் ஒரே திடலை எண்ணி எண்ணிச் சுற்றியவளிடம் இப்படிச் சொன்னால்? "என் காலு பொய் சொல்லாதுண்ணே. சொல்ற அளவுக்கு அதுக்கு வசதி இல்ல" என்றேன். கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன், பக்கத்துப் புதரிலிருந்து இரண்டு பறவைகள் எழும்பிப் பறந்தன.

அந்த நேரத்தில் எதிரே விறகுக்கட்டோடு ஒரு பெண் வந்தார். எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றார். பெயர் ராணி, கூடியம்தான் ஊர். குகை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"கொகையாண்டேர்ந்துதான் வரேன். ரெண்டு தபா எறக்கி வச்சேன், இது மூணாவது" என்றார். இங்கிருந்து ஊர் போய்ச் சேர இன்னும் எத்தனை தடவை இறக்குவீர்கள் என்றேன். யோசித்து, "ஆறு, ஏழு" என்றார்.

அதற்கு மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர் வரைக்கும் 2.4க்கு ஏழு தடவை என்றால், மூன்று தடவைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டராவது இருக்கிறது. அண்ணன் மட்டும் இன்னமும் ஒப்புக்கொள்ளாமல் ரூட் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது.

"அண்ணே, அந்த மீட்டர் வண்டியோட வந்ததா?"

"பழசு ஒடைஞ்சி போச்சு," என்றார் மெல்ல. "கலாவோட தம்பி நம்ம பக்கத்து ஊரு பாடியில மெக்கானிக்கு. அவன்தான் ஒரு பழைய மீட்டர் மாட்டிக் குடுத்தான்."

"எந்த வண்டியோடது?"

"ஸ்கூட்டரோடது." சொல்லிவிட்டு அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஸ்கூட்டருக்குச் சின்னச் சக்கரம், மொபெட்டுக்குப் பெரிய சக்கரம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி அதிக தூரம் போய்விடும், ஆனால் மீட்டர் தனக்குப் பழக்கமான சின்னச் சக்கரத்துக் கணக்கையே காட்டும். அவரே உள்ளங்கையில் விரலால் எழுதிக் கணக்குப் போட்டார். "பத்துக்குப் பதினாலு" என்றார். "ஆட்டோக்காரன் கரெக்டா சொல்லிக்கிறான் பரமு. நூல் பிடிச்ச மாதிரி சொல்லிக்கிறான். நான்தான்... மயிரிழை வித்தியாசம் இருந்தாலே சாமானைத் தூக்கிப் போடறவன் நான்."

மாதக்கணக்காக அந்த மீட்டரைப் பார்த்துத்தான் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். கண்முன்னே பொய் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை அவர் சந்தேகப்படவே இல்லை. ஏனென்றால் அது மீட்டர்.

"திரும்பிடலாம்மா" என்றார். "உங்கப்பாவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? கால் கியிஞ்சி போச்சின்னா?"

பயம்தான் எனக்கும். அதை மறைக்கவில்லை. குகை வரை 3.4, திரும்ப 3.4, மொத்தம் 6.8. என் உடம்பில் இருப்பது 4.8. வீம்புக்கு நடந்தால் ஊர் திரும்பும்வரை கட்டிலில் கிடக்க வேண்டியதுதான். திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தலைமையாசிரியர் என்னைத் திட்டமாட்டார். பரவாயில்லை டீச்சர் என்று அன்பாகச் சொல்லுவார். அந்தப் பரவாயில்லையை என்னால் தாங்க முடியாது.

ஆகவே ராணியிடம் பேசினேன். அவர் வீட்டில் சைக்கிள் இருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஊர்ப் பக்கம் நானூறு மீட்டர் தள்ளி, ஓடை கடக்கிற இடத்துக்கு, மதியம் ஒன்றரைக்குத் தன் கணவரை சைக்கிளோடு அனுப்புகிறேன் என்றார். போகிற 3.4ஐயும், திரும்பும் வழியில் 1.4ஐயும் நடப்பேன். கூட்டினால் 4.8. அதே பன்னிரண்டு சுற்று. மீதி சைக்கிள் கேரியரில். "ஏம்மா, இம்மாங் கணக்குப் போட்டுகினா ஒரு கொகையைப் பாப்பாங்க?" என்று சிரித்தார் ராணி. "தேன்கூடு தொங்குது, வாசனைப் பவுடர் கிவுடர் போட்டுகினு போவாதீங்க" என்று எச்சரித்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டார்.

11.05. 7,460வது காலடியில் தடம் முடிந்தது. கீழே குகை தெரிந்தது.

கீழே என்பதைக் கவனியுங்கள். இதை எந்த அட்டையும் சொல்லவில்லை. பாதை முடிகிற இடத்திலிருந்து குகைக்குச் சரிவான பாறையில் பன்னிரண்டு மீட்டர் போல இறங்க வேண்டும். மழையில் பாசி பிடித்திருந்தது. தடியை ஊன்றிப் பார்த்தேன், சறுக்கியது. இன்னொரு இடத்தில் ஊன்றினேன், அங்கேயும் சறுக்கியது. நடந்தே போவேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நடக்க முடியவில்லை.

"நான் தூக்கிகினு போறேன்" என்றார் அண்ணன்.

வேண்டாம் என்றேன். அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம் அழுதேன். பிறகு முழங்கால் பூட்டைத் திறந்து, பாறையில் உட்கார்ந்து, தடியை முன்னால் நழுவ விட்டு, இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி, இடுப்பை ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தி இறங்கத் தொடங்கினேன். வீட்டில் படிக்கட்டில் நான் தினமும் இறங்குகிற விதம்தான். வெளியே யார் முன்னாலும் செய்ததில்லை.

பாதி வழியில் பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். அண்ணனும் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று அண்ணி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளை பேண்ட். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு என் பின்னாலேயே நகர்ந்து வந்துகொண்டிருந்தார். நீங்கள் ஏன் அண்ணே என்றேன். "நின்னுகினு போனா வழுக்குது பரமு" என்றார். பொய். அவர் காலில் புது ரப்பர் செருப்பு.

குகை என்றதும் இருட்டுச் சுரங்கத்தையோ இடிந்த தூண்களையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். கட்டியது எதுவும் இங்கே இல்லை. ஒரு குன்றின் வயிறே உள்வாங்கிப்போன மாதிரி, ஒரு கல்யாணத்துக்கு வந்த கூட்டம் முழுக்க நிற்கலாம், அவ்வளவு பெரிய பாறைக் கூரை. கூரை முழுவதும் கூழாங்கற்கள், கடலை மிட்டாயில் கடலை பதிந்திருக்கிற மாதிரி. உயரத்தில் கறுப்பாகத் தேன்கூடுகள். ஓரத்தில் மஞ்சள் பூசிய ஓர் அம்மன் கல். வெயிலிலிருந்து உள்ளே போனதும் உடம்பு சில்லென்றாகிவிட்டது. இங்கே மனிதர்கள் உட்கார்ந்து கல்லை உடைத்து ஆயுதம் செய்திருக்கிறார்கள். நானும் உட்கார்ந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணன் தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். ஒரு பக்கம் சில்லுச் சில்லாகத் தட்டி எடுத்தது போலிருந்தது. கம்பெனியில் பார்க்கிற மாதிரியே கட்டைவிரலை அதன் விளிம்பில் ஓட்டிப் பார்த்தார். மனிதன் தட்டியதா, தானாக உடைந்ததா, எங்கள் இருவருக்கும் தெரியாது. "பாஸா, ஃபெயிலா?" என்றேன். "நான் யாரு சொல்றதுக்கு?" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்தார். நீங்களும் அங்கிருந்து எதையும் எடுத்து வராதீர்கள்.

ஒன்றரை மணி நேரம் இருந்தோம். புளிச்சோறு சாப்பிட்டோம். ஏறும்போதும் உட்கார்ந்தபடியேதான், முதுகைக் காட்டிக்கொண்டு. பன்னிரண்டாவது நாணயத்தை மாற்றும்போது மணி இரண்டு. ராணியின் கணவர் அரை மணி நேரமாகக் காத்திருந்தார். கொடுத்த பணத்தை வாங்க மறுத்து, பிறகு இருபது ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். சைக்கிள் கேரியரில் நான், பின்னால் பிடித்துக்கொண்டு அண்ணன். தொடையில் தோல் சிவந்திருந்தது, கிழியவில்லை.

ஊரெல்லையில் ஆட்டோ ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரை எழுப்பி, "இருபத்தி நாலுதாம்ப்பா, நான்தான் தப்பு" என்றார். முந்நூறாகவே கொடுத்தார். மறுநாள் காலையில் நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது, மொபெட் மீட்டரில் ஒரு சிவப்பு அட்டை கட்டித் தொங்கியது. தொழிற்சாலையில் கழித்த சாமானுக்குக் கட்டுகிற அட்டை. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது, வெயில் காலத்தில் வேண்டாம். காலை எட்டு மணிக்குள் கூடியத்தில் இருங்கள். குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், வழியில் கடை கிடையாது. பூண்டியில் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, கல்லாயுதம் எப்படி இருக்கும் என்று அங்கே முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் அதைச் செய்யாமல் விட்டோம். இன்னும் உள்ளே பெரிய குகை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள், நான் போகவில்லை, ஆகவே அதைப் பற்றிக் கேட்காதீர்கள். தூரத்தை வண்டியில் போனவரிடம் கேட்காதீர்கள், சுமையோடு நடப்பவரிடம் கேளுங்கள். காலிப்பர் போட்டவர்கள் திரும்பும் வழிக்கு ஊரிலேயே ஒரு சைக்கிளைப் பேசி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அது தோல்வி இல்லை, ஏற்பாடு.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று தலைமையாசிரியரைப் பார்த்தேன். போன தூரம், எடுத்த நேரம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்தேன். நிதானமாகப் படித்தார். "சரி, நடந்துட்டீங்க. நம்ம குகையில கடைசியில செங்குத்தா ஒரு எறக்கம் இருக்கு டீச்சர். பிள்ளைங்க எல்லாம் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"உட்காருவேன் சார்" என்றேன்.